பெட்டியும் அம்பும் போதாது: மென்பொருள்களுக்கிடையே ஓடும் தரவுக்கு ஒரு பதிவேடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மென்பொருளை எடுத்துவிட்டுப் புதியதை வைத்த மறுநாளே வேலை முடங்கியது என்கிற செய்தி அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. விளக்கம் கேட்டால் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான்: மாற்றப்பட்ட மென்பொருளிடமிருந்து இரவுதோறும் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டிருந்த இன்னொரு மென்பொருளை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. புதியது ஒழுங்காகவே ஓடும். அதை நம்பியிருந்தவை நின்றுபோகும். எதிலிருந்து எதற்கு, எந்தத் தரவு, எந்த வழியில் போகிறது என்று வரிவரியாக எழுதிய பதிவேடு கையில் இல்லாமல் எந்தப் பெரிய மென்பொருள் மாற்றத்தையும் தொடங்கக் கூடாது. இந்தத் துறையில் வேலை செய்வோரும் படிப்போரும் தங்கள் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

"எங்களிடம்தான் படம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கும். ஒரு பெரிய தாளில் நாற்பது பெட்டிகள், அவற்றுக்கிடையே அம்புகள். அந்த அம்புகளில் ஒன்றைத் தொட்டு "இது எதைக் குறிக்கிறது?" என்று இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். கணக்கியல் மென்பொருள் விற்பனை மென்பொருளை அழைத்து அன்றைய பில் விவரங்களைக் கேட்டு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அழைப்பு கணக்கியலிலிருந்து விற்பனைக்குப் போகிறது. தரவோ விற்பனையிலிருந்து கணக்கியலுக்கு வருகிறது. ஃபயர்வாலை (நெட்வொர்க்கில் எது எதோடு பேசலாம் என்று கட்டுப்படுத்தும் தடுப்பை) திறந்துவிடும் நெட்வொர்க் ஆட்கள் முதல் திசையில் அம்பு போடுவார்கள். தரவைக் கையாள்பவர்கள் இரண்டாவது திசையில் போடுவார்கள். இருவரும் வரைந்ததை ஒரே தாளில் சேர்த்துவிட்டால் அந்தப் படத்தை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

தி ஓப்பன் குரூப் அமைப்பின் ஆர்க்கிமேட் குறியீட்டு மொழி இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் உறவுகளைப் பிரித்து வைத்திருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏதோ நகர்கிறது என்றால் துண்டுதுண்டான கோட்டு அம்பு. ஒன்று மற்றொன்றுக்குச் சேவை தருகிறது என்றால் முழுக்கோட்டு அம்பு, அதுவும் தருபவரிடமிருந்து பெறுபவரை நோக்கி. குறியீடு எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, விதி ஒன்றாக இருக்க வேண்டும். என் பரிந்துரை: அம்பு எப்போதும் தரவு போகும் திசையில் மட்டும். அழைப்பைத் தொடங்குவது யார் என்பதைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். அந்தக் கட்டத்தை விட்டுவிடக் கூடாது. ஒரு சர்வரின் முகவரி மாறினால் யார் பக்கத்தில் திருத்த வேண்டும் என்பதை அதுதான் சொல்லும்.

படத்தில் வராத இடத்தில்தான் பெரும்பாலும் ஆபத்து இருக்கிறது. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் கொரோனா உறுதியான 15,841 பேரின் விவரங்கள் அன்றாடக் கணக்கில் சேராமல் போயின. பரிசோதனைக் கூடங்கள் முடிவுகளைக் காற்புள்ளியால் பிரித்த சாதாரண உரைக் கோப்பாக அனுப்பின. பொதுச் சுகாதார அமைப்பு அதை எக்ஸெல்லின் பழைய வடிவக் கோப்பில் ஏற்றி, அங்கிருந்து மத்தியத் தொகுப்புக்கு அனுப்பியது. அந்தப் பழைய வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான் கொள்ளும். ஒருவரின் பரிசோதனைக்கே பல வரிகள் பிடித்ததால் எல்லை சீக்கிரம் வந்துவிட்டது. அதற்கு மேல் வந்தவை சேரவே இல்லை. தொற்றாளர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை அதனால் தாமதமானது. 'பரிசோதனைக் கூடம், அம்பு, மத்தியத் தொகுப்பு' என்று வரைந்த படத்தில் அந்த எக்ஸெல் கோப்பு எங்கே தெரியும்? நடுவில் ஒரு படி இருக்கிறது, அதன் கொள்ளளவு இவ்வளவு, அனுப்பிய எண்ணிக்கையையும் சேர்ந்த எண்ணிக்கையையும் யாரும் ஒப்பிடுவதில்லை என்று ஒரு பதிவேட்டு வரி இருந்திருந்தால் அது கேள்வியை எழுப்பியிருக்கும்.

ஆகவே அடிப்படை அலகு படம் அல்ல, வரி. ஒரு வகைத் தரவு, ஒரு திசை, ஒரு வழி: இவை மூன்றும் சேர்ந்தது ஒரு வரி. விற்பனை, கணக்கியல் என்ற இரண்டு மென்பொருள்களுக்கிடையே வாடிக்கையாளர் முகவரி ஒரு பக்கமும் பில் நிலவரம் மறுபக்கமும் போனால் அது இரண்டு வரி. பகலில் ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றை நேரடியாக அழைத்துக் கேட்கும் வாயில்) வழியாகவும் இரவில் கோப்பாகவும் ஒரே தரவு போனாலும் இரண்டு வரிதான், ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு விதமாகப் பழுதாகும்.

மாதிரிக்கு ஒரு வரியை முழுமையாக எழுதிக் காட்டுகிறேன். வரி எண் 117. விற்பனை மென்பொருளிலிருந்து கணக்கியல் மென்பொருளுக்கு. தரவு: அன்று போடப்பட்ட பில்கள். வடிவம்: காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பு, யுடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கம், தேதி ஆண்டு-மாதம்-நாள் வரிசையில், தொகை இரண்டு தசம இடம். வழி: எஸ்எஃப்டிபி (பாதுகாப்பான கோப்புப் பரிமாற்ற முறை), போர்ட் (சர்வரின் இணைப்பு வாயில் எண்) 22. தொடங்குவது: கணக்கியல் பக்கம், இரவு 11.30க்கு வந்து எடுக்கிறது. அளவு: சாதாரண நாளில் 12,000 வரி, மாதக் கடைசியில் 40,000. தனிநபர் விவரம்: பெயர், தொலைபேசி எண் உண்டு. சரிபார்ப்பு: கோப்பின் கடைசி வரியில் மொத்த பில் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும். வராவிட்டால்: காலை 6 மணி வரை தாங்கும், அதன்பின் நாள்முடிவுக் கணக்கு நிற்கும். பொறுப்பு: இரு பக்கமும் எந்தக் குழு என்பது. ஆதாரம்: எஸ்எஃப்டிபி சர்வர் லாக் (நடந்ததைச் சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவு). கடைசியாகச் சரிபார்த்த தேதி.

இந்தக் கடைசி இரண்டு கட்டங்களைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆதாரம் இல்லாத வரி வெறும் செவிவழிச் செய்தி. தேதி இல்லாத வரியை எவ்வளவு நம்பலாம் என்று யாருக்கும் தெரியாது.

இதே வரியை வைத்து எங்கே கெடும் என்பதையும் பார்த்துவிடலாம். விற்பனைப் பக்கம் கோப்பை எழுதி முடிக்கும் முன்பே 11.30 அடித்துவிட்டால் கணக்கியல் பாதிக் கோப்பை எடுத்துக்கொண்டு போய்விடும். மாதக் கடைசியில் மட்டும் இது நடப்பதைக் கண்டால் ஆச்சரியப்பட வேண்டாம். அன்றுதான் கோப்பு பெரிது. தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்தபின் உரிய பெயருக்கு மாற்றுவது வழக்கமான தீர்வு. இரண்டும் ஒரே சேமிப்புப் பகுதிக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயர்மாற்றம் என்பது மறுபடி நகலெடுப்பதாகிப் பழைய சிக்கலே திரும்பும். இரண்டாவது: கோளாறுக்குப் பின் வேலையை மறுபடி ஓட்டினால் அதே பில்கள் இரண்டு முறை ஏறும். ஒவ்வொரு தொகுதிக்கும் தனி எண் கொடுத்து, ஏற்கெனவே ஏறிய எண்ணை ஏற்காமல் தள்ளும்படி வைக்க வேண்டும். மூன்றாவது: யாரோ நடுவில் கோப்பை எக்ஸெல்லில் திறந்து பார்த்துச் சேமித்துவிட்டால் பூஜ்யத்தில் தொடங்கும் வாடிக்கையாளர் எண்களின் முன் பூஜ்யங்கள் காணாமல் போகும். இவை மூன்றுமே பதிவேட்டின் கட்டங்களைப் பார்த்தாலே முன்கூட்டி யோசிக்கக்கூடியவை.

கோப்பில் உண்மையில் எந்த அலகு இருக்கிறது என்று பார்க்காமல் விடுவதற்கு விண்வெளித் துறையிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை அடைந்த நேரத்தில் தொலைந்தது. தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்று எழுதிய கோப்பில் உந்துவிசைக் கணத்தாக்கம் பவுண்டு-விநாடியில் இருந்தது. அதை வாசித்த மென்பொருள் நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் 4.45 மடங்கு. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இரண்டுக்கும் இடையே தரவு எப்படிப் போக வேண்டும் என்று சொல்லும் இடைமுக ஆவணத்தில் மெட்ரிக் அலகு என்று தெளிவாகவே எழுதியிருந்தது. ஆவணம் சரி, கோப்பு தவறு. அதனால்தான் சொல்கிறேன்: ஆவணத்தைப் படித்துப் பதிவேடு எழுதாதீர்கள், உண்மையில் போகும் கோப்பைத் திறந்து பார்த்து எழுதுங்கள்.

அப்படியானால் ஆதாரத்தை எங்கே தேடுவது? கூட்டம் போட்டு எல்லோரையும் கேட்பதிலிருந்து தொடங்குவது பொதுப் பழக்கம். எனக்கு அது தலைகீழ் வரிசையாகத் தெரிகிறது. மனிதர்கள் தாங்கள் கட்டியதை நினைவு வைத்திருப்பார்கள். தங்களிடமிருந்து மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போவதை அறிந்திருக்க மாட்டார்கள். முதலில் இயந்திரங்களிடம் கேளுங்கள். ஃபயர்வால் விதிகளில் எந்த முகவரியிலிருந்து எந்தப் போர்ட்டுக்கு அனுமதி என்று இருக்கும்: 1521 என்றால் ஆரக்கிள், 1433 என்றால் எஸ்க்யூஎல் சர்வர், 5432 என்றால் போஸ்ட்கிரெஸ் (மூன்றும் டேட்டாபேஸ் மென்பொருள்கள்), 9092 என்றால் செய்திகளை வாங்கிப் பலருக்கும் பகிரும் காஃப்கா என்று ஊகிக்கலாம், இவை வழக்கமான எண்கள்தானே தவிர கட்டாயமல்ல. அனுமதி இருப்பதாலேயே போக்குவரத்து இருக்கிறது என்று ஆகாது. நெட்வொர்க் போக்குவரத்துப் பதிவோடு ஒப்பிட வேண்டும். டேட்டாபேஸுக்குள் யார் யார் நுழைகிறார்கள், ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்கு நேரடி இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆரக்கிளில் டேட்டாபேஸ் லிங்க், எஸ்க்யூஎல் சர்வரில் லிங்க்ட் சர்வர் என்று பெயர். எந்த ஆவணத்திலும் ஏறாத இணைப்புகள் அதிகம் கிடைக்கும் இடம் இது. எஸ்ஏபி என்ற நிறுவன மேலாண்மை மென்பொருள் இருந்தால் அதன் எஸ்எம்59 என்ற திரையில் வெளி இணைப்புகளும், டபிள்யூஇ20ல் ஐடாக் (எஸ்ஏபியின் தரவுப் பரிமாற்ற வடிவம்) கூட்டாளிகளும், எஸ்எம்37ல் பின்னணி வேலைகளும் தெரியும். ஏபிஐ அழைப்புகள் கடந்துபோகும் கேட்வேயின் லாக், செய்தி வரிசைகளில் யார் சந்தாதாரர் என்ற பட்டியல், கிரான் முதலானவற்றில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் நேரக்குறிப்பு வேலைகள் ஆகியவற்றையும் விடக் கூடாது.

இங்கே இரண்டு இடத்தில் தடுக்கி விழுவார்கள். ஐந்து மென்பொருள்கள் ஒரே பயனர் கணக்கால் டேட்டாபேஸில் நுழைந்தால், லாக்கில் யார் வந்தது என்று பிரிக்க முடியாது. வந்த சர்வரின் முகவரியை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஒரே சர்வரில் இரண்டு மென்பொருள் ஓடினால் அதுவும் உதவாது. மென்பொருளுக்கு ஒரு கணக்கு என்று முதலில் பிரித்துவிட்டுப் பிறகு பார்ப்பதே நேர்வழி. அடுத்தது கால அளவு. ஒரு வாரப் பதிவைப் பார்த்துவிட்டு முடித்தால் மாத முடிவு வேலைகள் சிக்காது. குறைந்தது 35 நாள் பாருங்கள், ஒரு மாத முடிவாவது முழுதாக உள்ளே வரும். காலாண்டு, ஆண்டு முடிவு வேலைகளுக்காகக் காத்திருக்க முடியாது. அவற்றை லாக்கில் தேடாமல் நேரக்குறிப்பு வரையறைகளில் வாசித்து எடுக்க வேண்டும்.

இயந்திரங்கள் சொல்லாதது ஒன்று உண்டு: மனிதர் கைப்படச் செய்யும் தரவோட்டம். ஒருவர் காலையில் ஒரு மென்பொருளிலிருந்து அறிக்கையைப் பதிவிறக்கி, இரண்டு பத்தியை (நெடுவரிசையை) அழித்து, மின்னஞ்சலில் அனுப்ப, வேறொருவர் அதை இன்னொன்றில் ஏற்றுகிறார். எந்த ஃபயர்வால் விதியும் இதைக் காட்டாது. இப்போதுதான் மனிதர்களிடம் போக வேண்டும், அதுவும் துறைத் தலைவர்களிடம் அல்ல, மாத முடிவில் கணக்கு நேர்செய்பவர்களிடம். "உங்கள் மென்பொருள் எதனோடு இணைந்திருக்கிறது?" என்று கேட்காதீர்கள். "எந்தக் கோப்பை எங்கிருந்து இறக்கி எங்கே ஏற்றுகிறீர்கள், அதற்கு முன் அதில் எதை மாற்றுகிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் ஊருக்குப் போயிருக்கும் நாளில் யார் செய்வார் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

மென்பொருளின் பெயரிலேயே ஒரு தொல்லை உண்டு. வாங்கியபோது ஒரு பெயர், ஊழியர் வாயில் ஒரு பெயர், சர்வரில் ஒரு பெயர். முதலில் மென்பொருள் பட்டியலுக்கு எண் கொடுத்துவிட்டு, தரவோட்ட வரிகளில் அந்த எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள்.

நிறுவனக் கட்டமைப்புக்கான டோகாஃப் முறையில் பரிந்துரைக்கும் மென்பொருள் உறவு அட்டவணை, அதாவது எல்லா மென்பொருள்களையும் மேல்வரிசையிலும் பக்கவாட்டிலும் எழுதிக் கட்டம் நிரப்புவது, சரிபார்ப்புக்கு நல்ல கருவி. 40 மென்பொருள் என்றால் 40 பெருக்கல் 39, ஆக 1,560 கட்டங்கள். பெரும்பாலானவை காலியாகத்தான் இருக்கும். ஆனால் காலிக் கட்டம் 'இல்லை' என்கிறதா, 'தெரியாது' என்கிறதா? இரண்டுக்கும் வெவ்வேறு குறி போடுங்கள். 'தெரியாது' எத்தனை என்று எண்ணிச் சொல்வதுதான் மேலாளருக்குக் கொடுக்கக்கூடிய நேர்மையான முன்னேற்ற அறிக்கை.

நடுவில் தரவை வாங்கிக் கைமாற்றித் தரும் ஒருங்கிணைப்புத் தளம் ஒன்று இருந்தால், எல்லா அம்புகளும் அதற்குள் போய் அதிலிருந்து வெளியே வருவதாக வரைவது பெருந்தவறு. படம் சக்கரம்போல் அழகாக இருக்கும், யாருடைய தரவு யாருக்குப் போகிறது என்பது மட்டும் மறைந்துவிடும். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே வரியாக எழுதி, 'இந்தத் தளம் வழியாக' என்பதை ஒரு கட்டமாக வையுங்கள். தளத்துக்குள் தரவு உருமாற்றம் நடந்தால், எந்த விதிப்படி என்பதையும் அங்கேயே குறியுங்கள். காஃப்கா போன்றவற்றில் அனுப்புபவருக்குப் பெறுபவர் யாரென்றே தெரியாது என்பதால் இது இன்னும் முக்கியம்.

நகலின் நகலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'அ' என்ற மென்பொருளில் பிறந்த முகவரியை 'ஆ' வாங்குகிறது. 'ஆ'விடமிருந்து 'இ' வாங்குகிறது. 'இ'யின் பொறுப்பாளருக்கு 'ஆ'தான் மூலம். 'ஆ'வை நீக்க முடிவெடுக்கும் நாளில்தான் உண்மை தெரியும். ஒவ்வொரு வரியிலும் 'முதலில் பிறந்த இடம்' என்று ஒரு கட்டம் வைத்தால் இந்தச் சங்கிலிகள் பளிச்சென்று தெரியும். தனிநபர் ஒருவர் தன் விவரத்தை அழிக்கச் சொன்னால் எங்கெல்லாம் அழிக்க வேண்டும் என்ற கேள்விக்கும் இதுவே விடை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 30ஆவது பிரிவில் தனிநபர் தரவைக் கையாளும் நடவடிக்கைகளுக்குப் பதிவேடு கேட்கிறது. வங்கிகளுக்காக, வங்கி மேற்பார்வைக்கான சர்வதேச அமைப்பான பாசல் குழு 2013 ஜனவரியில் வெளியிட்ட இடர்த் தரவுக் கோட்பாடுகளும், அறிக்கையில் வரும் எண் எங்கிருந்து வந்தது என்று காட்டும்படிதான் எதிர்பார்க்கின்றன. சட்டத்துக்கு ஒரு பதிவேடு, கட்டமைப்புக்கு ஒரு பதிவேடு என்று தனித்தனியாக வைப்பது வீண். இரண்டும் ஒன்றோடொன்று முரண்படத்தான் செய்யும்.

ஆழம் எவ்வளவு? ஒவ்வொரு பத்தியையும் தொடர்ந்து எழுதப் புகுந்தால் வேலை முடியாது. பணத் தொகை, அடையாள எண்கள், தேதிகள், தனிநபர் விவரம் ஆகியவற்றுக்கு மட்டும் பத்தி அளவில் போங்கள். கூடவே நிலைக்குறியீடுகளையும் (ஒன்று எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் குறிகளையும்) சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய குறியீட்டுக்குப் புதுப் பொருள் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதை 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தையில் நைட் கேப்பிடல் நிறுவனம் காட்டியது. முன்பு வேறு வேலைக்குப் பயன்பட்ட குறியீடு ஒன்றைப் புதிய வசதிக்கு எடுத்துக்கொண்டார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றில் புதிய நிரல் ஏறவில்லை. அது பழைய பொருளிலேயே குறியீட்டைப் புரிந்துகொண்டது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், நிறுவனம் முழுவதையும் எடுக்காதீர்கள். அடுத்து மாற்றப்போகும் ஒரே ஒரு மென்பொருளை எடுத்து, அதைத் தொடும் எல்லா வரிகளையும் எழுதுங்கள். முக்கியமானவற்றுக்கு மட்டும் இன்னும் ஒரு படி தள்ளிப் போங்கள். சில நூறு வரி வரைக்கும் சாதாரண விரிதாளே போதும். விலையுயர்ந்த கருவியை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு அதை நிரப்ப ஆள் தேடும் வழக்கம் வருத்தமளிக்கிறது. படங்களை வரிகளிலிருந்து தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்ளலாம், ஒரு படத்தில் இருபது பெட்டிக்கு மேல் வேண்டாம். 'இது இன்று நின்றால் காலை 6 மணிக்குள் யார் யார் நிற்பார்கள்?' என்ற கேள்விக்குப் பதிவேட்டிலிருந்து பதில் எடுக்க முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

எழுதியபின் அதை உயிரோடு வைத்திருப்பதுதான் கடினம். ஆண்டுக்கொருமுறை புதுப்பிப்போம் என்ற திட்டம் நடக்காது. புதுப்பித்தலை மற்றவர்களின் அன்றாட வேலைக்குள் கட்டிவிட வேண்டும். ஃபயர்வாலில் வழி திறக்க, புதிய பயனர் கணக்குப் பெற, ஏபிஐ சாவி வாங்க என்று எந்த விண்ணப்பம் போட்டாலும் தரவோட்ட வரி எண் கட்டாயம் என்று வையுங்கள். எண் இல்லையென்றால் விண்ணப்பம் திரும்பும். வாரம் ஒருமுறை லாக்கில் தெரியும் இணைப்புகளையும் பதிவேட்டையும் ஒரு சிறு நிரலால் ஒப்பிட்டு, லாக்கில் இருந்து பதிவேட்டில் இல்லாதவற்றை அந்தந்தக் குழுவுக்கு அனுப்புங்கள். பதிவேட்டில் இருந்து லாக்கில் இல்லாதவற்றை உடனே அழிக்காதீர்கள். அது ஆண்டு முடிவு வேலையாக இருக்கலாம். பயனில்லை என்று உறுதியாகத் தெரிந்தாலும் முதலில் இணைப்பைத் தற்காலிகமாக மூடி, குறைந்தது ஒரு மாத முடிவு கடந்து, யாரும் புகார் சொல்லாவிட்டால் நீக்குங்கள். திரும்பத் திறக்கும் வழியை மூடும் முன்பே எழுதி வையுங்கள்.

கடைசியாக, மென்பொருள் வாங்கும் ஒப்பந்தங்களை எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். ஒப்படைக்க வேண்டியவற்றின் பட்டியலில் நிரலும் பயிற்சியும் கையேடும் இருக்கின்றன. இடைமுகப் பட்டியல் பெரும்பாலும் படமாகவே கேட்கப்படுகிறது. மேலே சொன்ன கட்டங்களோடு, விரிதாளாக, ஒவ்வொரு வரிக்கும் மாதிரிக் கோப்பு ஒன்றுடன் கேளுங்கள். ஒவ்வொரு வரியிலும் அனுப்பிய எண்ணிக்கையும் தொகையும் பெற்றவற்றோடு பொருந்துவதை, ஒரு மாத முடிவின் முழு அளவுத் தரவோடு நேரில் ஓட்டிக் காட்டிய பிறகே கடைசித் தவணையை விடுவியுங்கள்.

இப்படிக்கு,
நிறுவன மென்பொருள் கட்டமைப்புத் துறையில் பணிபுரியும் வாசகர்